மார்கனின் விளையாட்டு உலகம்

அமெரிக்காவில் டெக்ஸாஸ் மாகாணத்தில் உள்ள சான் அன்டோனியோ நகருக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அலமோ கோட்டையைத்தான். 1836-ல் அங்கே நடந்த சண்டையைப் பற்றி வழிகாட்டிகள் மூச்சு விடாமல் சொல்வார்கள். அவசியம் கேளுங்கள். ஆனால், குழந்தை குட்டிகளோடு போகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் இன்னொன்று அங்கே இருக்கிறது. அதன் பெயர் 'மார்கன்ஸ் வொண்டர்லாண்ட்'.

ஒரு காலத்தில் கல் வெட்டி எடுத்த பழைய குவாரி அது. 2010-ல் 25 ஏக்கர் விளையாட்டுப் பூங்காவாக உருமாறியது. ரயில் ஓடுகிறது, ராட்டினம் சுற்றுகிறது, ஊஞ்சல் ஆடுகிறது. "இதெல்லாம் நம் ஊர்ப் பொருட்காட்சியில் இல்லையா?" என்பீர்கள். சற்று உற்றுப் பாருங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் குழந்தை நாற்காலியோடு ராட்டினத்தில் ஏறுகிறது. நாற்காலியோடு ஊஞ்சலும் ஆடுகிறது!

இந்தப் பூங்கா பிறந்த கதையைக் கேளுங்கள். கார்டன் ஹார்ட்மன் வீடு கட்டி விற்கும் தொழிலில் இருந்தவர். அவருடைய பெண் மார்கனுக்கு அறிவு வளர்ச்சியில் தாமதம். விடுமுறைக்குப் போன இடத்தில், ஹோட்டல் நீச்சல் குளத்தில் சில குழந்தைகள் பந்து விளையாடிக்கொண்டிருந்தார்கள். மார்கன் ஆசையோடு அவர்களிடம் போனாள். அவர்களோ சட்டென்று கரையேறிப் போய்விட்டார்கள். அந்தத் தகப்பனாரின் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாட ஓர் இடம் வேண்டும் என்று அவர் அலைந்ததன் பலன்தான் இந்தப் பூங்கா.

மாற்றுத்திறனாளிகளுக்கு இங்கே நுழைவுக் கட்டணம் கிடையாது. வரவுக்கு மேல் ஆகும் செலவை நன்கொடைகள் ஈடு செய்கின்றன. 2017-ல் பக்கத்திலேயே ஒரு நீர் விளையாட்டுப் பூங்காவும் திறந்தார்கள். தண்ணீரில் நனைந்தால் கெட்டுப்போகாமல் இருக்க, அழுத்தப்பட்ட காற்றினால் ஓடும் சக்கர நாற்காலிகள் அங்கே உண்டு.

ஆட்டிஸம் உள்ள குழந்தைகளின் சங்கடம் வேறு விதமானது. பார்வைக்கு ஒரு குறையும் தெரியாது. ஆனால், நமக்குச் சாதாரணமாகக் கேட்கும் இரைச்சல் சில குழந்தைகளுக்குச் சகிக்க முடியாத வேதனையாக இருக்கும். ஒரு குழந்தை மணலைத் தொடவே கூசும். இன்னொன்றை ஊஞ்சலிலிருந்து இறக்கவே முடியாது. "வளர்த்த லட்சணம்!" என்று பக்கத்தில் யாராவது முணுமுணுப்பார்கள். தாயார் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவாள். மறுநாள் அவள் வரமாட்டாள்.

இதற்குப் பரிகாரம் பெரிய வித்தை அல்ல. குழந்தை தெருவுக்கு ஓடிவிடாதபடி சுற்றிலும் வேலி, இரைச்சலிலிருந்து ஒதுங்கி உட்கார ஓர் அமைதியான மூலை, இன்னொரு ஊஞ்சல், அடுத்து என்ன என்பதைக் காட்டும் படங்கள் - இவை இருந்தாலே பாதி பாரம் குறையும். மார்கனின் பூங்காவில் தொட்டும் பார்த்தும் கேட்டும் விளையாடுவதற்கென்றே ஒரு பகுதி அமைத்திருக்கிறார்கள்.

மீதிப் பாதி? அங்கே வருகிறவர்களில் நாலில் மூன்று பேர் எந்தக் குறைபாடும் இல்லாதவர்கள் என்கிறார்கள். அந்தப் பூங்காவின் மகிமையே அதுதான். ஒதுக்குப்புறத்தில் தனியாக ஓர் இடம் கட்டிக் கொடுத்திருந்தால், மார்கன் மறுபடியும் தனியாகத்தானே நின்றிருப்பாள்?

அந்த மீதிப் பாதி நம் கையில் இருக்கிறது, சகோதரிகளே. இன்று மாலை உங்கள் பேட்டைப் பூங்காவில் ஒரு குழந்தை காதைப் பொத்திக்கொண்டு நின்றால், உங்கள் குழந்தையை இழுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். பக்கத்திலேயே விளையாடட்டும். அந்தக் குழந்தை பேசாவிட்டால் பாதகமில்லை. அதன் தாயாரைப் பார்த்து, "நாளைக்கும் வாருங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.