பொங்கல் வாழ்த்தும் பின்கோடும்

இன்று கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன். திருத்துவதற்கு நோட்டு இல்லாத டீச்சருக்கு வேறு என்ன வேலை? காபியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்து படியுங்கள்.

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகிறது. எங்கள் தெரு டீக்கடையில் விடியற்காலை பார்த்தால் பாதிப் பேருக்கு முகமே இல்லை. எல்லாம் குரங்குக் குல்லா. மதுரைப் பக்கம் 20 டிகிரிக்கு இறங்கிவிட்டாலே நமக்கு இமயமலை. போன வாரம் என் தங்கை மகன் சிகாகோவிலிருந்து வீடியோவில் வந்தான். நான் மஃப்ளர் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு, "பெரியம்மா, அங்க என்ன பனிப்புயலா?" என்று கேட்டுச் சிரிக்கிறான். அவன் வாசலில் இருந்த பனியை மண்வெட்டி போட்டு அள்ளிக்கொண்டிருந்தான். பக்கத்தில் என் பேத்தி பனியில் ஒரு பொம்மை செய்து, மூக்குக்குக் கேரட் சொருகி, நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு வைத்திருந்தாள். பொட்டு வைத்த பனி மனிதனை உலகத்தில் நான்தான் முதலில் பார்த்திருப்பேன்.

நமக்குப் பனி என்றால் ஒரே சொல்தான். புல்லில் நிற்பதும் பனி, கண்ணை மறைப்பதும் பனி, சிகாகோவில் அள்ளுவதும் பனி. முன்னோர்கள் ஆறு பருவம் பிரித்தபோது பனிக்கே இரண்டைக் கொடுத்திருக்கிறார்கள். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. ஆனால் ஐந்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடத்தில் வரும் பனியை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? சேமியா ஐஸைத் தாண்டி அவர்கள் எதையும் பார்த்ததில்லை. "டீச்சர், அது இனிக்குமா?" என்று ஒருத்தி கேட்டாள். அந்த வருடம் எனக்குக் கைகொடுத்தது ஒரு பொங்கல் வாழ்த்து அட்டை. கூரை முழுக்க வெள்ளையாகப் பனி மூடிய ஒரு வெள்ளைக்காரன் வீடு, பக்கத்தில் ஊசி ஊசியாய் மரங்கள், மேலே ஜிகினாத் தூள், கீழே தமிழில் 'இனிய பொங்கல் நல்வாழ்த்துகள்'. அந்த வீட்டில் எங்கே பொங்கல் வைப்பார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. பாடம் நடந்துவிட்டது.

அந்த அட்டைகள் உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? அரைப் பரீட்சை முடிகிற நேரத்தில் பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் கயிறு கட்டித் துணி காயப் போட்ட மாதிரி தொங்கவிட்டிருப்பார்கள். முருகன், மீனாட்சி, கரும்பு, ஜல்லிக்கட்டுக் காளை, எம்.ஜி.ஆர். எல்லாம் ஒரு பக்கம். ஆனால் கூட்டம் நிற்பது சினிமா வரிசையில்தான். ரஜினி, கமல், விஜயகாந்த், பிரபு, கார்த்திக். நாலணாவிலிருந்து ஆரம்பம். ஜிகினா ஒட்டியது எட்டணா. பிள்ளைகள் கடைக்காரரைப் படுத்தி எடுப்பார்கள். சிகரெட் பிடிக்கும் ரஜினி வேண்டாம், அப்பா அடிப்பார். கண்ணாடி போட்ட ரஜினி வேண்டும். பொங்கல் வாழ்த்தில் பானையே இல்லாமல் ஒரு நடிகர் மட்டும் நின்றால் அது என்ன வாழ்த்து என்று எங்கள் தலைமை ஆசிரியர் கோபப்படுவார். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. தனக்குப் பிடித்த ஆளின் படத்தைத் தான் வைத்துக்கொள்ளாமல் இன்னொருவருக்குக் காசு கொடுத்து வாங்கி அனுப்புவது எட்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு பெரிய காரியம்!

எனக்கும் வரும். டீச்சர் ரஜினி கட்சியா, கமல் கட்சியா என்று கண்டுபிடிப்பதற்காகவே சிலர் இரண்டு அட்டையும் அனுப்பி, நான் எதை மேஜை மேல் வைக்கிறேன் என்று வேவு பார்ப்பார்கள். (யாரென்று தெரியும். இப்போது ஒருவர் வங்கி மேலாளர்.) இத்தனை வருடம் கழித்துச் சொல்லிவிடுகிறேன். இரண்டும் இல்லை, எனக்கு ஜெய்சங்கர். 'நூற்றுக்கு நூறு' படத்தில் கல்லூரி வாத்தியாராக வருவாரே, அதைப் பார்த்ததிலிருந்து. 1971இல் வந்த பாலசந்தர் படம். வாத்தியார் வேலையில் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்ததை அந்த ஒரு படம் சொல்லிவிட்டது. ஆனால் நீங்கள் அட்டை வாங்கிய காலத்தில் அவர் வில்லனாகிவிட்டார். 'முரட்டுக்காளை'யில் ரஜினியிடம் அடி வாங்குகிறார். வில்லன் படம் போட்டு யார் பொங்கல் வாழ்த்து அச்சடிப்பார்கள்? நான் கடை கடையாகப் பார்த்தேன், ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

'முரட்டுக்காளை' 1980 டிசம்பரில் வந்த படம். அதன் ஜல்லிக்கட்டுப் பாட்டு மலேசியா வாசுதேவன் குரலில் இன்றைக்கும் மாட்டுப் பொங்கலுக்கு எல்லா ஊரிலும் ஒலிக்கிறது. அது முறை. படம் வந்த பருவமும் பாட்டின் பருவமும் பக்கத்தில் இருக்கின்றன. மற்ற பாட்டுகளுக்கு நாள்காட்டியே கிடையாது. புத்தாண்டு பிறக்கும் நடுராத்திரியில் தமிழ்நாடு முழுக்க ஒரே பாட்டு, 'சகலகலா வல்லவன்' பாட்டு. அந்தப் படம் வந்தது 1982 ஆகஸ்டில்! வெயில் முடிந்து ஆடி போய் ஆவணி வருகிற நேரத்தில் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போன கமல், நாற்பது வருடம் தாண்டியும் ஜனவரி ஒன்றாம் தேதியை விடவில்லை. மார்கழிப் பூவைப் பற்றி ரகுமான் ஒரு பாட்டுப் போட்டாரே, அது எந்தப் படத்தில்? 'மே மாதம்'. 'பாட்ஷா' 1995 பொங்கலுக்கு வந்தது. அதன் ஆட்டோக்காரர் பாட்டு ஆயுத பூஜைக்குப் போய்விட்டது. 'மகாநதி' 1994 பொங்கல் படம். அதில் உள்ள பொங்கல் பாட்டை வருடா வருடம் தொலைக்காட்சியில் போடுகிறார்கள், கேட்கக் கேட்க இனிக்கிறது. அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் படுகிற பாட்டைப் பண்டிகை நாளில் எவரும் பார்க்க முடியாது. பாட்டோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் புத்திசாலிகள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், நம் ஊரில் குளிர்காலக் கொண்டாட்டம் என்றால் பாதி கோயில், பாதி சினிமா. காலை ஐந்து மணிக்குக் கூம்பு ஒலிபெருக்கியில் எம்.எல்.வசந்தகுமாரியின் திருப்பாவை. தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பிள்ளைகள் கோயிலுக்கு ஓடுவது பக்தியால் இல்லை. தொன்னையில் ஆவி பறக்கத் தரும் வெண்பொங்கலுக்கு. ஒருவன் பெருமாள் கோயிலில் வாங்கித் தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு சிவன் கோயிலுக்கும் போவான். சைவ வைணவ ஒற்றுமைக்கு அவனைப் போல உழைத்தவர் யாரும் இல்லை. அதே பிள்ளைகள் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அட்டைக் கடை முன்னால்.

அட்டை வாங்கினால் போதுமா? முகவரி எழுத வேண்டுமே. அங்கேதான் என் வேலை ஆரம்பித்தது. பொங்கல் விடுமுறைக்கு முந்தைய வாரம் தமிழ்ப் பாடவேளை இரண்டை இதற்கென்றே எடுத்துக்கொள்வேன். பெறுநர் பெயர், கதவு எண், தெரு, ஊர், அஞ்சல், மாவட்டம், கடைசியாகப் பின்கோடு. ஆறு இலக்கம். 1972 சுதந்திர தினத்தில் வந்த முறை. முதல் எண் 6 என்றால் தமிழ்நாடு, கேரளப் பக்கம். 625 நம் மதுரை. 641 கோயம்புத்தூர், திருப்பூர்ப் பக்கம். தபால் தலை வலது மூலையில், தலைகீழாக ஒட்டக் கூடாது. உறையை ஒட்டாமல் மடித்து விட்டு 'புக் போஸ்ட்' என்று எழுதினால் செலவு குறைவு. பிள்ளைகள் யாருக்கு அனுப்புவார்கள்? பாதிப் பேர் பக்கத்து பெஞ்சில் இருப்பவனுக்கே அனுப்புவார்கள். எங்கள் தபால்காரர் வந்து, "டீச்சர், ஒரே தெருவுல பெட்டியில எடுத்து அதே தெருவுல குடுக்குறேன், என்னய வச்சு விளையாடுறீங்களா?" என்று சிரித்துக்கொண்டே சண்டை போடுவார். ஆனால் தன் பெயரைக் கூவி ஒரு தபால் வருகிறபோது அந்தப் பிள்ளையின் முகத்தை அவரும் பார்த்தவர்தான். ஒரு வருடம்கூட நிறுத்தச் சொன்னதில்லை.

போன பொங்கலுக்கு எனக்கு வாட்ஸப்பில் ஒரே பானைப் படம் பதினேழு பேரிடமிருந்து வந்தது. அனுப்பியவர்களைக் குறை சொல்லவில்லை, நானும் அதைத்தான் பதினெட்டாவது ஆளாக அனுப்பினேன். ஆனால் பீரோவுக்கு மேல் இருக்கும் தகரப் பெட்டியை இறக்கிப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. இறக்கினேன். எண்ணினேன். ரஜினி 46, கமல் 31, விஜயகாந்த் 19, கடவுள்கள் எல்லோரும் சேர்ந்து 22. இதில் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

ரஜினி நாற்பத்தாறில் ஐந்து அட்டைகள் ஒரே பையனுடையவை. 1993-94இல் என்னிடம் எட்டாம் வகுப்பு. ஜன்னலோரம் கடைசி பெஞ்ச். வாசிக்கச் சொன்னால் எழுந்து நிற்பான், வாய் திறக்க மாட்டான். கட்டுரை நோட்டில் தலைப்பை மட்டும் அழகாக எழுதி வைத்திருப்பான். முகவரி எழுதும் பாடத்தில் மட்டும் ஒரு தப்பு இல்லாமல் எழுதினான், பின்கோடு உட்பட. அந்தக் கோடை விடுமுறையில் அவன் அப்பா தவறிப்போனார். ஜூனில் நாங்கள் இரண்டு ஆசிரியைகள் வீட்டுக்குப் போனோம். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "திருப்பூர் போயிட்டான் டீச்சர், பனியன் கம்பெனிக்கு" என்றார். கீழே இரண்டு தங்கைகள். அந்த வீட்டில் உட்கார்ந்து படிப்பின் அருமையைப் பற்றி எதுவும் பேச எங்களுக்கு வாய் வரவில்லை.

அடுத்த பொங்கலுக்கு, 1995இல், ஒரு அட்டை வந்தது. காக்கிச் சட்டை ரஜினி. திருப்பூர் முத்திரை. உள்ளே அவன் பெயர் மட்டும். முகவரி, நான் கரும்பலகையில் எழுதிப் போட்ட அதே வரிசையில், அதே காற்புள்ளிகளோடு. அடுத்த வருடம் பெயருக்கு மேல் ஒரு வரி: 'நல்லா இருக்கேன், ஓவர்டைம் இருக்கு.' மூன்றாவது வருடம் நாலு வரி. பெரிய தங்கச்சி நம்ம பள்ளிக்கு வருகிறாளா, லீவு போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று. நான்காவதில் தையல் மெஷினுக்கு மாறிவிட்டதாகவும், பீஸ் கணக்கில் சம்பளம் என்றும் ஒரு பக்கம் எழுதியிருந்தான். வகுப்பில் ஒரு பத்தி எழுதாத பையன்! எழுத்துப் பிழை ஏழு இருந்தது. சிவப்பு மையைத் தொடவில்லை. ஐந்தாவது 1999இல். அனுப்புநர் இடத்தில் புது முகவரி இருந்தது. நான் பதில் போட்டேன், என் பதில் திரும்பி வரவும் இல்லை. அதற்குப் பிறகு அட்டை இல்லை. அவன் குடும்பமும் ஊரை விட்டுப் போய்விட்டது. நாலு வருடம் முன்பு திருப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது அந்த முகவரியைத் தேடிப் போனேன். அங்கே இப்போது நாலு மாடிக் கட்டடம், கீழே செல்போன் கடை.

அவன் பெயரை இங்கே போடவில்லை. அவனுக்குப் பிடிக்குமோ என்னவோ. அந்த வருடம் கூடப் படித்தவர்களுக்கு ஜன்னலோரம் என்றவுடனே தெரிந்திருக்கும். திருப்பூரில் நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். எங்காவது பார்த்தால், டீச்சர் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். அவன் எண் கிடைத்தால் பொதுவில் போடாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். தங்கை பத்தாம் வகுப்பு வரை லீவு போடாமல் வந்தாள் என்பதை அவனிடம் நானே சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். இந்த வருடம் மதுரையில் தேடிப் பிடித்து ஐம்பது அட்டை வாங்கி வந்திருக்கிறேன். நடிகர் படம் கிடைக்கவில்லை. எல்லாம் பானையும் கரும்பும்தான். வேண்டுகிறவர்கள் முகவரியை உள்பெட்டியில் அனுப்பவும். ஜனவரி 5ஆம் தேதி தபாலில் சேர்க்கிறேன். சிகாகோக்காரர்கள் இன்றைக்கே அனுப்ப வேண்டும். பின்கோடு எழுதாதவர்களுக்கு அட்டை கிடையாது.