தாளுக்கும் பஞ்சமான ஊரில்

பிராக் மாநகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. சென்றால் தெரெசீன் வருகிறது. பேரரசர் இரண்டாம் யோசேப்பு தம் அன்னை மரியா தெரேசாவின் பெயரால் 1780-இல் எழுப்பத் தொடங்கிய கோட்டை நகரம் அது. தடித்த செங்கல் மதில்கள். கோடு கிழித்தாற்போன்ற தெருக்கள். நாம் பேருந்தை விட்டிறங்கிய காலை வேளையில் ஆளரவமே இல்லை. இவ்வூரைத்தான் நாஜிகள் 1941 முதல் 1945 வரை யூத மக்களை அடைத்து வைக்கும் கொட்டடியாக்கினர்.

ஃப்ரீடில் டிக்கர்-பிராண்டெய்ஸ் அம்மையார் 1942 டிசம்பரில் இங்குக் கொண்டுவரப்பட்டார். வியன்னாவில் பிறந்து, ஜெர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் பயின்ற ஓவியர். ஒருவர் 50 கிலோ சாமான் கொண்டுவரலாம் என்பது கட்டளை. அதில் பெரும்பங்கை அவர் ஓவியப் பொருள்களுக்கே ஒதுக்கினாராம். சிறுமியர் விடுதியில் வகுப்பும் தொடங்கிவிட்டார்.

கொண்டுவந்தவை எத்தனை நாளைக்குக் காணும்? அலுவலகப் படிவங்களின் பின்பக்கமும் பொதி சுற்றிய தாளுமே பிள்ளைகளுக்குச் சித்திரத்தாள் ஆயின. வண்ணம் இல்லையேல் வண்ணத்தாளைக் கிழித்து ஒட்டுவர். தாளத்துக்கேற்பக் கைவீசிக் கோடிழுப்பது ஒரு பயிற்சி. அதற்குக் கரித்துண்டு ஒன்றே போதும். வண்ணப்பெட்டி விலையேறிற்று என்று வீட்டில் முணுமுணுத்து வந்த நமக்கு இதைக் கேட்டபோது நாவெழவில்லை.

பிள்ளைகளை ஓவியராக்குவது அவர் நோக்கமன்று. அஞ்சி ஒடுங்கிய உள்ளம் சற்றே அவிழ வேண்டும் என்பதே. அவர்கள் பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் விட்டுவந்த வீட்டையும் வரைந்தார்கள். அடுக்குக் கட்டில்களையும் வரைந்தார்கள். எண்ணிட்டு இழுத்துவரப்பட்ட அக்குழந்தைகளை ஒவ்வொரு தாளிலும் தம் பெயரை எழுதச் செய்தார் ஆசிரியை. செலவில்லாத அந்த ஒரு செயல் நம் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

1944 அக்டோபரில் அவர் ஆஷ்விட்சுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். ஏறத்தாழ 4,500 சித்திரங்கள் இரண்டு பெட்டிகளில் ஒளித்து வைக்கப்பட்டு, போர் முடிந்தபின் பிராக் சென்றன. தெரெசீனுக்கு முன்பே அவரிடம் பயின்ற எடித் கிராமர் 1938-இல் அமெரிக்கா சேர்ந்து, ஓவியத்தால் மனப்புண் ஆற்றும் துறையின் முன்னோடிகளுள் ஒருவரானார்.

மறுநாள் பிராக்கின் பிங்காஸ் தொழுகைக் கூடத்தில் மாடியேறினோம். சித்திரங்கள் அங்கே காட்சிக்கு உள்ளன. ஒவ்வொன்றின் அருகிலும் வரைந்த குழந்தையின் பெயர், பிறந்த ஆண்டு. அடுத்துள்ள ஆண்டு, பலவற்றில், 1944.