எதிர்க்க ஆள் உண்டா?

பருவ இறுதிக்குள் ஆளுக்கொரு ஆய்வுக் கட்டுரை. முதலில் தலைப்பை எழுதிக் கொடுங்கள் என்றார் பேராசிரியர். வந்த தாள்களில் பாதிக்கு மேல் அறிவுரைகள். மரம் வளர்ப்போம், நீரைச் சேமிப்போம், மது உயிருக்குக் கேடு. கடைசித் தலைப்பைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. டாஸ்மாக் பாட்டிலின் லேபிளிலேயே அப்படியோர் எச்சரிக்கை அச்சாகி வருகிறது. விற்கிறவரே ஒப்புக்கொண்டதை மறுத்துப் பேச யார் வரப்போகிறார்கள்?

வேறு சிலர் பட்டிமன்றத்தை நினைத்துக்கொண்டு எழுதியிருந்தார்கள். மகிழ்ச்சி தருவது கூட்டுக் குடும்பமா, தனிக் குடும்பமா? பொங்கல் அன்று தொலைக்காட்சியில் இரண்டு அணியும் கைதட்டல் வாங்கும். நடுவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் எந்தப் புள்ளிவிவரத்தைப் புரட்டி இதற்கு முடிவு காண்பது?

முன்னதற்கு எதிராளி இல்லை, பின்னதற்குச் சான்று இல்லை. இரண்டும் வாய்த்த தலைப்பு பெரும்பாலும் மாணவர்கள் தினம் வந்துபோகிற வழியில்தான் கிடக்கும்.

ஒரு மாணவியின் நோட்டில் பக்க அடையாளமாகச் செருகியிருந்த டவுன் பஸ் டிக்கெட் அப்படித்தான் அவர் கண்ணில் பட்டது. மகளிருக்கான கட்டணமில்லாச் சீட்டு. “மகளிர் இலவசப் பேருந்து நல்ல திட்டம்னு எழுதலாமா சார்?” என்றாள்.

“நல்லதுன்னா யாருக்கும்மா? எதைவிட நல்லது?”

பதில் தேட நூலகத்துக்குப் போனவளுக்குத் தகவல்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைத்தன. 2021 மே மாதம் தமிழ்நாட்டில் புதிய அரசு பொறுப்பேற்ற நாளில் முதல்வர் கையெழுத்திட்ட ஆணைகளில் இந்தத் திட்டத்துக்கானதும் ஒன்று. டெல்லியில் 2019 அக்டோபரிலேயே இப்படியொரு திட்டம் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் பெரும்பாலும் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில்தான் சலுகை. 2023 ஜூனில் தொடங்கிய கர்நாடகத்தின் சக்தி திட்டமோ மாநிலத்துக்குள் வெளியூர் போகும் சாதாரணப் பேருந்துகளையும் சேர்த்துக்கொண்டது.

மாநிலத் திட்டக்குழுவின் ஆய்வைச் சுட்டி, ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்றது தமிழக அரசு. அந்தக் கணக்குக்குக் கீழே பேராசிரியர் பென்சிலால் கோடு போட்டார். திட்டத்தை நடத்துகிறவர்களின் அமைப்பே அளந்தது. எத்தனை பேரிடம், எந்த ஊர்களில் கேட்டார்கள் என்று பார்க்காமல் எடுத்தாளக் கூடாது என்றார்.

எதைவிட என்ற கேள்விக்கு ஒப்பிடவும் ஒன்று கிடைத்தது: 2023 செப்டம்பரில் வந்த மகளிர் உரிமைத் தொகை. மாதம் 1,000 ரூபாய், நேராக வங்கிக் கணக்கில். அரசு சொன்ன 888-க்கும் இதற்கும் பெரிய தூரமில்லை; ஒன்று பயணமாக வருகிறது, மற்றது பணமாக. பணம் மளிகைக் கடையிலும் கடன் தவணையிலும் கரைந்துபோகலாம். பயணத்தை வீட்டில் வேறு யாரும் வாங்கிச் செலவழிக்க முடியாது. ஆனால் நாளொன்றுக்கு இரண்டு தடவை மட்டும் பஸ் வருகிற ஊரில் இருப்பவளுக்குப் பயணச் சலுகையால் என்ன லாபம்? பணமாவது கைக்கு வரும்.

‘கிராமப்புறப் பெண்களுக்கு உரிமைத் தொகையைவிடக் கட்டணமில்லாப் பயணமே அதிகம் பயன்படுகிறது’ என்று தலைப்பு முடிவானது. விவரம் தெரிந்த ஒருவர் இதை மறுக்கலாம். மறுப்பதானால் அவரும் ஆதாரத்தோடுதான் வர வேண்டும்.

ஒரு சிக்கல் மட்டும் மிச்சமிருந்தது. அவளுடைய அப்பா கட்டட வேலைக்குப் போகிறவர். அதே பஸ்ஸில் அவர் டிக்கெட் எடுக்கிறார். பக்கத்தில் நிற்கும் அரசு ஊழியப் பெண் எடுப்பதில்லை. தன் வாதத்துக்கு இது இடிக்கிறதே, விட்டுவிடலாமா என்று கேட்டாள்.

“அதைத்தான் முதல்ல எழுதணும்.”

உரிமைத் தொகை பெறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பஸ்ஸில் ஏற அப்படி எந்த வரம்பும் கிடையாது. அவள் கட்டுரை இந்த இடத்திலிருந்துதான் தொடங்கியது.