ரோட்டுக்கும் சேற்றுக்கும் ஒரே டயரா?

பழைய டிராக்டர் வாங்கும் இளைஞர்கள் இப்போதெல்லாம் என்னிடம் செல்போனை நீட்டுகிறார்கள். தார் ரோட்டில் ஓடும் ஜீப், காட்டுப் பாதையில் ஏறி, பனிக்குள் புகுந்து வெளியே வரும். "சார், இந்த ஆல் டெரைன் டயர் நம்ம வண்டிக்கு வருமா? கரும்பு லோடும் அடிக்கணும், சேடையும் ஓட்டணும்" என்று மண்டகப்பட்டில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஒரே வண்டியை வைத்துத்தானே அவர் கடனைக் கட்ட வேண்டும்?

ஆல் டெரைன் டயரில் பள்ளங்கள் ரோட்டு டயரைவிட அகலம், சேற்று டயரைவிடக் குறைவு. எல்லா இடத்திலும் ஓடும். எங்கேயும் முதல் மார்க் வாங்காது. பனிக்கு ஏற்றதென்று சோதித்துத் தேறிய டயரில் மூன்று சிகர மலையும் அதற்குள் பனிப்பூவும் முத்திரையாக இருக்கும். பனியில் ஒரு வேடிக்கை உண்டு. பள்ளத்தில் அடைத்துக்கொண்ட பனி, தரையில் கிடக்கும் பனியைக் கவ்விப் பிடிக்கும். அதனால் அங்கே டயர் பனியைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும். நம் சேறு அதற்கு நேர் எதிர். அடைத்துக்கொண்டால் டயர் வெறும் உருளைதான். சேற்றை உதறித் தள்ளத்தான் டிராக்டர் பின் டயரில் பட்டன்கள் உயரமாக, சாய்வாக, இடைவெளி விட்டு இருக்கின்றன. வண்டிக்குப் பின்னால் நின்று பார்த்தால் பட்டன்கள் வீட்டுக் கூரைபோல் மேல்நோக்கிக் கூம்பியிருக்க வேண்டும். பஞ்சர் ஒட்டிவிட்டு டயரைத் திருப்பி மாட்டி, வண்டி இழுக்கவில்லை என்று இன்ஜினைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அதே பட்டன் தார் ரோட்டில் உதவாது. ரோட்டைத் தொடும் ரப்பர் கொஞ்சம். மழையில் பிரேக் பிடித்தால் சறுக்கும், வெயிலில் சீக்கிரம் தேயும். செஞ்சி ரோட்டில் லோடோடு முண்டியம்பாக்கம் ஆலைக்குப் போகிறவர்கள், இடது வலது பிரேக் பெடல்களைச் சேர்க்கும் கொக்கியை மாட்டியிருக்கிறோமா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள். வயலில் திரும்புவதற்காகக் கழற்றிய கொக்கி அப்படியே கிடக்கும். வேகத்தில் ஒற்றைப் பெடலை மிதித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுத்துக் கவிழும்.

டயரை மாற்ற முடியாவிட்டாலும் காற்றை மாற்றலாம். இதைத்தான் யாரும் செய்வதில்லை. உழவுக்குப் பின் டயரில் 12 முதல் 14 பவுண்டு காற்று பெரும்பாலும் போதும்; லோடு அடிக்கக் கூட்ட வேண்டும். சரியான அளவு வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். ரோட்டுக் காற்றோடு வயலில் இறங்கினால் டயர் விறைத்து நின்று வழுக்கும், மண்ணையும் இறுக்கும். நெல் வயலுக்கு அடியில் இறுகிய அடுக்கு இருந்தால் தண்ணீர் நிற்கும், கெடுதல் இல்லை. மணிலாவுக்கும் கரும்புக்கும் அப்படியில்லை. வேர் இறங்காது, பிறகு உளிக் கலப்பைக்குத் தனியாகச் செலவு. இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடும் என்பதால், டிரெய்லரோடு வயலுக்குள் வருகிறவர்கள் ஒரே தடத்தில் போய் வருவது நல்லது.

வாடகைக்கு ஓட்டச் சொல்கிறவர்களும் ஒரு கணக்குப் பார்க்கலாம். பின் டயரில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். கலப்பையைத் தூக்கிவைத்து 10 சுற்று ஓடவிட்டு, தூரத்தை அளந்துகொள்ளுங்கள். கலப்பையை இறக்கி மறுபடி 10 சுற்று. முதலில் 40 மீட்டர், அடுத்து 34 மீட்டர் என்றால் வழுக்கல் 15 சதவீதம். அதுவரை சரி. 28 மீட்டர்தான் வந்தது என்றால், நீங்கள் மணிக்கணக்கில் கொடுக்கும் வாடகையில் நூற்றுக்கு முப்பது ரூபாய் சும்மா சுற்றுகிறது. பட்டன் தேய்ந்திருக்கலாம், காற்று அதிகமாக இருக்கலாம், பின்பாரம் போதாமல் இருக்கலாம். பாரத்துக்கு டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது பழைய வழக்கம். ஈர வயலில் மட்டும் யோசித்துச் செய்யுங்கள். பாரம் கூடினால் இறுக்கம் ஆழமாக இறங்கும், காற்றைக் குறைத்தாலும் அது போகாது.

சேடைக்கு எந்த ரப்பர் டயரும் முழுதாக ஈடுகொடுக்காது. 1932-இல் அமெரிக்காவின் ஆலிஸ் சால்மர்ஸ் கம்பெனி டிராக்டருக்குக் காற்றடைத்த டயர் மாட்டும் வரை, வயலில் ஓடியவை பெரும்பாலும் இரும்புச் சக்கரங்களே. நாம் இன்றும் சேற்றுக்கு இரும்பைத்தான், அதாவது கேஜ் வீலைத்தான் நம்புகிறோம். பனிநாடுகளில் டயருக்குச் சங்கிலி சுற்றுவதும் இதே யோசனைதான். அங்கே பனி இல்லாத ரோட்டுக்கு வந்ததும் கழற்றிவிடுகிறார்கள். இங்கே அடுத்த வயல் அரைக் கிலோமீட்டர்தானே என்று தார் ரோட்டில் கேஜ் வீலோடு போகிறார்கள். அது விதிப்படி தவறு. கொத்திப்போட்ட அந்த ரோட்டில்தான் மறுவாரம் நம் நெல் மூட்டையும் பிள்ளைகளின் சைக்கிளும் போக வேண்டும். கழற்றி மாட்டும் நேரத்துக்கும் சேர்த்து வாடகை பேசிக்கொள்ளுங்கள். டிரைவரும் முணுமுணுக்காமல் கழற்றுவார்.