அந்தப் பையன்கிட்ட கேட்டாங்களா?

அப்பாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிட்டு வரலாம் என்று நவம்பர் 15, சனிக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். ஊர் என்றால் சுங்கை ஆயர் தாவார். கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலை, கோல சிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் வயல்கள், சுங்கை பெசார் என்று வடக்கே போய்க்கொண்டே இருந்தால், சிலாங்கூர் முடியப்போகிற இடத்தில் வரும். மாநிலத்தின் சட்டமன்றத் தொகுதி வரிசையில் எங்கள் ஊருக்குத்தான் எண் 1. வேறு எந்த வரிசையிலும் நாங்கள் முதலில் நின்றதாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்பாவோடு ஒட்டுக்கடையில் உட்கார்ந்து தே தாரிக் சொல்லியிருந்தேன். பக்கத்து மேசையில் ஒரே சத்தம். ஏதோ குடும்பச் சண்டை என்றுதான் முதலில் நினைத்தேன். காது கொடுத்தால், ஜடேஜா.

சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு சஞ்சு சாம்சனை வாங்கிவிட்டது. அன்றைக்குத்தான் அதிகாரபூர்வமாக அறிவித்திருந்தார்கள். செம்பனைக் குலை ஏற்றும் லாரி மாமா மேசையைத் தட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி வாத்தியார். நடுவில், ஷா ஆலமில் வேலை செய்யும் ஒரு தம்பி, கைத்தொலைபேசியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

"பன்னெண்டு சீசன் ஆடிக் கொடுத்தவன வித்துட்டானுங்க வாத்தியாரே! 2023 ஃபைனல மறந்துட்டீங்களா?"

யார் மறந்தது? அகமதாபாத்தில் மழை, கடைசி இரண்டு பந்தில் பத்து ரன், ஒரு சிக்ஸர், ஒரு ஃபோர். இங்கே அப்போது விடியற்காலை நான்கு மணி. அன்றைக்கு மாமா தூங்கவே இல்லை. ஆட்டம் முடிந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு அப்படியே லாரியை எடுத்தார். ஐந்தரைக்கு நான் வானொலியில் வணக்கம் சொன்னதும் முதலில் வந்த குரல் பதிவு அவருடையதுதான். பேச்சே இல்லை, வெறும் ஹாரன் சத்தம்.

வாத்தியார் அசரவில்லை. "போன சீசன்ல பத்தாவது இடம். வரலாற்றுலயே கடைசியா வந்தது அதுதான் முதல் தடவை. தோனிக்கு 44 வயசு. அடுத்த கீப்பர் யாருன்னு யோசிக்க வேணாமா? சஞ்சுக்கு 31. இன்னும் அஞ்சு வருஷம் ஆடுவான்."

தம்பி நிமிர்ந்தான். "ஜடேஜாவுக்கு 18 கோடி கொடுத்துக்கிட்டிருந்தோம். ராஜஸ்தான் 14 கோடிக்குத்தான் எடுக்குது. சாம் கரன் 2.4. நாம சஞ்சுவுக்குக் கொடுக்கிறது 18. அதாவது எட்டு மில்லியன் வெள்ளிக்கு மேல."

நாம கொடுக்கிறோம்! கடையில் அவன் கணக்கில் இன்னும் பதினோரு வெள்ளி பாக்கி இருந்தது.

இந்த 'நாம' எனக்கு எப்போதும் வேடிக்கையாக இருக்கும். எங்கள் தோட்டத்துத் திடலில் யாரும் கிரிக்கெட் ஆடி நான் பார்த்ததில்லை. அங்கே பந்து என்றால் கால்பந்துதான். அப்பா காலத்து நாயகன் சிலாங்கூரின் கோல்காவலர் ஆறுமுகம். 'ஸ்பைடர்மேன்' என்று மலேசியாவே கூப்பிட்ட மனிதர். 1988 டிசம்பரில் விபத்தில் அவர் போனபோது தோட்டத்தில் பல வீடுகளில் அடுப்பு எரியவில்லை என்று அம்மா சொல்வார். (ஜடேஜா பிறந்ததும் அதே 1988 டிசம்பரில்தான். நான் பிறந்ததும் அந்த ஆண்டுதான்.) அப்படிப்பட்ட ஊரில் இன்று சென்னை அணியின் வரவுசெலவை டன் கணக்கில் கூலி வாங்கும் லாரி மாமா பார்க்கிறார். பேசும்போது எல்லோருக்கும் துரையின் குரல் வந்துவிடுகிறது. அவனைத் தூக்கு, இவனை எடு, வயசாயிடுச்சு வித்துடு.

"ரேடியோக்கார பாப்பா, நீ சொல்லு" என்றார் மாமா.

நானும் சொன்னேன். "முப்பத்தாறு முடியப்போகுது மாமா. மனசு கேக்காதுதான். ஆனா மனச வச்சு டீம் நடத்த முடியாது. விலை இருக்கும்போதே கொடுத்தது புத்திசாலித்தனம்." வாத்தியார் ஆமோதித்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அதுவரை தேநீரை ஆற்றிக்கொண்டிருந்த அப்பா கேட்டார். "அந்தப் பையன்கிட்ட கேட்டாங்களா?"

"எந்தப் பையன்ப்பா?"

"விக்கிறாங்கன்னு சொல்றீங்களே, அவன்கிட்ட."

கேட்கத்தான் வேண்டும். ஐபிஎல்லில் ஓர் அணி இன்னோர் அணிக்கு வீரரை மாற்றும்போது அந்த வீரரின் சம்மதம் வேண்டும். ஏலத்தில்தான் அந்தப் பேச்சு கிடையாது. பெயரைக் கொடுத்தால் யார் கை தூக்குகிறார்களோ அவர்களிடம் போக வேண்டியதுதான். தம்பி இதை விளக்கிவிட்டு ஒரு பழைய கதையையும் சொன்னான். 2008இல் ராஜஸ்தான் கோப்பையை வென்றபோது ஜடேஜா பத்தொன்பது வயதுப் பையன், அந்த அணியில்தான் இருந்தார். பிறகு ராஜஸ்தானோடு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறோர் அணியோடு தானாகப் பேசப் போனார் என்று 2010 சீசன் முழுக்க அவரை ஆட விடாமல் தடை செய்தார்கள்.

அப்பா சிரித்தார். "அவனா போறேன்னா தண்டனை. இவங்களா அனுப்புனா மரியாதையா?"

மேசையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு மாமா மறுபடியும் 2023க்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பாவிடம் ஏன் அப்படிக் கேட்டார் என்று கேட்டேன். எனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் இந்தப் பக்கத்திலிருந்து அதைக் கேட்டதில்லை. அவர் வேலை செய்த தோட்டம் ஒருமுறை கைமாறியது. விடியற்காலைப் பெரட்டில் கிராணி வழக்கம்போல் பெயர் வாசித்தார். வாசித்து முடித்ததும், இன்றிலிருந்து வேறு கம்பெனி என்றார். அவ்வளவுதான். "மரம் எத்தனை, லயத்து வீடு எத்தனை, ஆள் எத்தனைன்னு எல்லாம் ஒரே தாள்ல எழுதியிருந்தாங்களாம். பழைய சர்வீஸ் கணக்கு வருமா வராதான்னு ரெண்டு மாசம் ஒருத்தனுக்கும் தெரியல. எங்க போய்க் கேக்குறது?"

தாத்தா காலத்தில் இதைவிட மோசம். ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்ப, வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டங்களில் மரம் புதிய முதலாளிக்குப் போனது. ஆள்தான் நடுத்தெருவுக்கு வந்தது. துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அதற்காகத்தான். தோட்டப் பாட்டாளிகள் பத்துப் பத்து வெள்ளியாகப் போட்டு, விற்பனைக்கு வந்த தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். தாத்தாவிடமும் பங்கு இருந்தது. அந்தச் சான்றிதழை அப்பா இன்னும் பிளாஸ்டிக் உறையில் வைத்திருக்கிறார். எங்கள் வம்சத்தில் விற்கிற வாங்குகிற விஷயத்தில் மெய்யாகவே 'நாம' என்று சொல்ல உரிமை இருந்தது தாத்தாவுக்கு மட்டும்தான்.

கோலாலம்பூருக்குத் திரும்பி வரும்போது, ஊடகத் துறையில் படித்த காலத்துப் பாடம் ஒன்று ஞாபகத்துக்கு வந்தது. அமெரிக்க பேஸ்பாலில் கர்ட் ஃபிளட் என்று ஒரு கறுப்பின ஆட்டக்காரர். செயின்ட் லூயிஸ் அணிக்குப் பன்னிரண்டு சீசன் ஆடியவர். ஆமாம், அவரும் பன்னிரண்டுதான். 1969இல் அவரை பிலடெல்ஃபியாவுக்கு மாற்றிவிட்டார்கள். யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் அப்போது இல்லை. ஒப்பந்தம் முடிந்தாலும் ஆட்டக்காரர் அணிக்கே சொந்தம் என்பதுதான் விதி. ஆண்டுக்கு 90,000 டாலர் சம்பளம் வாங்கிய மனிதர், என் விருப்பத்தைக் கேட்காமல் வாங்கி விற்க நான் ஒரு சொத்து இல்லை என்று லீக் தலைவருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் போட்டார். 1970இல் ஓர் ஆட்டம்கூட ஆடவில்லை. அடுத்த ஆண்டு வேறோர் அணியில் 13 ஆட்டம், அதோடு சரி. 1972இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு மூன்று என்று அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. மூன்றே ஆண்டுகளில், வேறு இரண்டு ஆட்டக்காரர்களின் முறையீட்டில், நடுவர் ஒருவரின் தீர்ப்பால் அந்த விதி உடைந்தது. இப்போது அங்கே பத்து ஆண்டு ஆடி, அதில் கடைசி ஐந்தாண்டும் ஒரே அணியில் இருந்தவரை, அவர் ஒப்புக்கொள்ளாமல் மாற்ற முடியாது. தேர்வில் இதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன். அதன்பின் மறந்துவிட்டேன்.

மறந்ததற்குச் சாட்சி உண்டு. இரண்டு ஆண்டுகளுக்கு முன்னால் என்னோடு ஏழு வருடம் காலை நிகழ்ச்சி செய்த அண்ணனின் ஒப்பந்தத்தை நிலையம் புதுப்பிக்கவில்லை. மறுநாள் காலை புதிய தம்பியை அறிமுகப்படுத்தியது நான்தான். அண்ணன் எங்கே என்று நேயர்கள் கேட்டபோது, "புதுத் தெம்பு, புது உற்சாகம்" என்று எழுதிக் கொடுத்ததைச் சிரித்துக்கொண்டே வாசித்தேன். அண்ணனுக்கு மூன்று வாரம் போன் செய்யவில்லை. என்ன பேசுவது என்று தெரியவில்லை என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட காரணம். தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம்தான் நிஜம்.

டிசம்பர் 16, அபுதாபியில் ஏலம். சென்னை அணி பிரசாந்த் வீர் என்ற இருபது வயது இடதுகைச் சுழற்பந்துக்காரனை 14.2 கோடிக்கு எடுத்தது. இந்தியாவுக்கு ஓர் ஆட்டம்கூட ஆடாத பையன். ஜடேஜா போன விலையைவிட இருபது லட்சம் கூடுதல். மறுநாள் காலை லாரி மாமாவின் குரல் பதிவை ஒலிபரப்பவே முடியவில்லை. பாதி வார்த்தைக்கு பீப் போட வேண்டியிருந்தது.

அன்றைக்கே பதினோரு மணிக்கு என்னையும் மேலே கூப்பிட்டார்கள். ஜனவரியிலிருந்து காலை நிகழ்ச்சிக்கு இரண்டு இளைய அறிவிப்பாளர்கள் வருகிறார்கள். எனக்கு இரவு பத்து முதல் ஒரு மணி வரை, கொஞ்சம் குறைந்த சம்பளத்தில். மிக மரியாதையாகத்தான் பேசினார்கள், தேநீர்கூடக் கொடுத்தார்கள். உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார்கள். தாள் ஏற்கெனவே தட்டச்சாகி, என் பெயருக்கு எதிரே கையெழுத்துக்கான கோடும் போட்டு மேசைமேல் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும்.

அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். காலையில் கேட்பவர்களின் வயது குறைந்துகொண்டே வருகிறது. அந்த நாற்காலியில் வாத்தியார் இருந்தால் அதைத்தான் செய்திருப்பார். நவம்பரில் ஒட்டுக்கடையில் உட்கார்ந்து நான் சொன்னதும் அதேதான், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில்.

ஜடேஜாவிடம் கேட்டபோதும் தாள் தயாராக இருந்திருக்குமா? அது அவருக்குத்தான் தெரியும்.

அன்றிரவு முதலில் அண்ணனுக்குத்தான் போன் செய்தேன். கிரிக்கெட் பேசினோம். சஞ்சுவா ஜடேஜாவா என்று அரை மணி நேரம். அவர் ஜடேஜா பக்கம். பிறகு நான் விஷயத்தைச் சொன்னேன். "தெரியும்டா, கேள்விப்பட்டேன். நீ சொல்லுவேன்னுதான் இருந்தேன்" என்றார். அந்த மூன்று வாரத்தைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இன்னொரு நாள் சொல்ல வேண்டும்.

அடுத்தது அப்பா. "கேட்டாங்களாம்மா?" என்றார்.

"கேட்டாங்கப்பா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்."

"உனக்கு ரெண்டு நாள் கொடுத்திருக்காங்க" என்றார். கிண்டலா ஆறுதலா என்று தெரியவில்லை. "கையெழுத்துப் போடுறதுக்கு முன்னால முழுசா படிச்சுப் பாரு."

முழுசாகப் படித்தேன். பழைய சேவை ஆண்டுகள் கணக்கில் வரும் என்று எங்கேயும் இல்லை. அந்த வரியைச் சேர்த்தால்தான் கையெழுத்து என்றேன். மூன்று நாள் இழுத்தடித்துச் சேர்த்தார்கள். போட்டேன்.

இப்போது இரவு பத்து மணிக்கு வருகிறேன். சென்னையில் ஏழரை, மார்ச் கடைசியில் சீசன் தொடங்கினால் சரியாக முதல் பந்து போடுகிற நேரம். லாரி மாமாவுக்கு இதைச் சொன்னபோது அவர் கவலைப்பட்டது வேறு விஷயத்துக்கு.

"அஞ்சரைக்கு லாரியில யாரு பாப்பா பேசுவா? ராத்திரி பத்து மணின்னா மேட்ச் ஓடுமே, நான் எப்படிக் கேக்குறது?"

"சென்னை ஆடாத நாள்ல கேளுங்க மாமா."

"அது சரி" என்றார். கொஞ்சம் யோசித்தார். "ஆனா இப்ப ராஜஸ்தான் மேட்சும் பாக்கணுமே."