ரத்தம் தந்த 733 பேருக்கு



உங்கள் பெயர், ஊர் எதுவும் எனக்குத் தெரியாது. சிறுநீரகம் செயலிழந்து வாழ்ந்தவர்கள், உங்கள் ரத்தத்தில் கொஞ்சத்தை ஆய்வுக்குத் தந்தவர்கள் என்பது மட்டும் தெரியும். அமெரிக்காவில் மினியாபொலிஸைச் சேர்ந்த ஃபிரெட் ஆப்பிளும் சகாக்களும் அதைப் பரிசோதித்து, 2002-இல் ‘சர்க்குலேஷன்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கும் செவிலியர் நான். உங்களுக்கு நன்றி சொல்லவே இந்த மடல்.

டயாலிசிஸ் மெஷின் சிறுநீரகத்தின் வேலையில் ஒரு பகுதியைச் செய்துவிடும். இதயத்தைக் காப்பாற்றுவது தனிப் போராட்டம். 1960-இல் சியாட்டிலில் நீண்டகால டயாலிசிஸ் பெற்ற முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் அதன் துணையோடு 11 ஆண்டுகள் வாழ்ந்தார். 1971-இல் அவர் உயிரைக் கொண்டுபோனது இதய நோய்.

இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். மாரடைப்பை உறுதிசெய்ய அதைத்தான் பார்ப்பார்கள். உங்களைப் போன்றவர்களுக்கோ நெஞ்சுவலி இல்லாதபோதும் அதன் ஒரு வகையான ட்ரோபோனின் ‘டி’ கூடியிருந்தது. சிறுநீரகம் வெளியேற்றாமல் தேங்கியது, பொய் எச்சரிக்கை என்று அதை ஒதுக்கியவர்கள் உண்டு.

உங்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு அந்த அளவு இயல்பைத் தாண்டியிருந்தது. இரண்டு ஆண்டுகளில், அளவு இயல்பாக இருந்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேர் இறந்தார்கள். மிக அதிகமாக இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர். பொய் எச்சரிக்கைக்கு இவ்வளவு வித்தியாசம் வராது. உயர் ரத்த அழுத்தமும் உடம்பில் சேரும் நீரும் இதயத்தின் இடது கீழறையைத் தடிக்க வைக்கின்றன. தடித்த தசைக்குப் போதிய ரத்தம் எட்டாமல் அதன் செல்கள் வலி காட்டாமலே கொஞ்சம் கொஞ்சமாகச் சேதமடைகின்றன. அதை உங்கள் ரத்தம் முன்கூட்டியே சொல்லியிருக்கிறது. 2004-இல், டயாலிசிஸ் நோயாளிகளின் இறப்பு அபாயத்தைக் கணிக்க இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது.

இன்று டயாலிசிஸ் நோயாளி ஒருவர் நெஞ்சுவலி என்று வந்தால், ஒரே ஒரு ட்ரோபோனின் அளவை வைத்து முடிவெடுப்பதில்லை. சில மணி நேரம் விட்டு மறுபடி எடுத்து, ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்கிறார்கள். பழைய அளவு கையிலிருந்தால் அதோடும் ஒப்பிடுகிறார்கள். வலியில்லாமலே கூடியிருந்தால் இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கலாம், ட்ரை வெயிட்டை (உடம்பில் கூடுதல் நீர் இல்லாதபோதுள்ள எடையை) திருத்தலாம், ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவரலாம். அந்த எண்ணைக் குறைக்கவென்று தனி மாத்திரை கிடையாது. ஆனால் யாரைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும் என்று அது காட்டிக்கொடுக்கிறது.

வாரத்துக்கு மூன்று நாள் ஊசிக்குக் கை நீட்டுபவர்களிடம் இன்னும் கொஞ்சம் ரத்தம் கேட்பது எளிதல்ல என்பதைத் தினமும் பார்க்கிறேன். நீங்கள் கொடுத்தீர்கள். அதன் பலன் பின்னால் வருகிறவர்களுக்குத்தான் போய்ச் சேர்ந்தது. உங்களில் பலருடைய மரணமே அந்த ஆய்வு தேடிய விடையாக ஆனது. இந்தக் கடனை நான் அடைக்கக்கூடிய வழி ஒன்றே ஒன்று: என் முன்னால் யாரும் கூடுதலான ட்ரோபோனின் அளவைப் பார்த்து, “கிட்னிக்காரங்களுக்கு இப்படித்தான் இருக்கும்” என்று தள்ளிவிட இனி விடமாட்டேன்.


டயாலிசிஸ் பிரிவுச் செவிலியர் ஒருவர்