கொசுறு இலையின் கணக்கு

காய்கறி வாங்கிப் பணமும் கொடுத்த பிறகு, பையை விரித்துப் பிடித்தபடி "கொஞ்சம் கறிவேப்பிலை போடுங்கண்ணே" என்று கேட்காதவர்கள் நம் ஊரில் உண்டா? கடைக்காரரும் ஒரு கொத்தை எடுத்துப் போடுவார். நாம் விலை கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. தாளித்ததும் அதன் வேலை முடிந்தது. சாப்பிடும்போது தட்டின் ஓரத்தில் ஒதுக்கி விடுகிறோம். காரியம் ஆனதும் ஒருவரைக் கழற்றி விட்டால் "கறிவேப்பிலை மாதிரி தூக்கிப் போட்டுட்டாங்க" என்று சொல்லும் அளவுக்கு இந்த வழக்கம் மொழியிலேயே ஏறிவிட்டது.

நான் படிப்பது பி.காம். நமக்குச் சும்மா கிடைக்கும் ஒரு பொருள், வேறு யாரோ ஒருவருடைய கணக்கில் செலவாக இருக்கும் என்பது அடக்கவிலைக் கணக்கியல் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அப்படியானால் இந்தக் கொத்தின் செலவு யாருடையது?

முதலில் செடியைப் பார்ப்போம். எலுமிச்சை, ஆரஞ்சு, வில்வம் எல்லாம் இதற்குச் சொந்தக்காரர்கள். இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் ஊசி முனை அளவில் எண்ணெய்ப் புள்ளிகள் தெரியும். அந்தக் குடும்பத்தின் அடையாளம் அது, வாசனையும் அங்கிருந்துதான் வருகிறது. இதன் தாவரவியல் பெயரில் உள்ள 'கோனிகி', 18ஆம் நூற்றாண்டில் நம் தரங்கம்பாடியில் மருத்துவராக இருந்த யோஹான் கெர்ஹார்ட் கோனிக் என்பவரைக் குறிப்பது.

விதையை எடுத்து வைத்துப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றால் நடக்காது. முளைக்கும் திறன் சீக்கிரமே போய்விடும். கறுத்துப் பழுத்த பழத்தின் சதையை நீக்கி, உடனே விதைக்க வேண்டும். மூன்று வாரத்தில் முளை வரும். தாய்ச்செடியின் வேரிலிருந்து கிளம்பும் கன்றையும் பிரித்து நடலாம். செடி இடுப்பளவு வந்ததும் நுனியை வெட்டினால்தான் பக்கக் கிளைகள் பெருகும். ஓராண்டு முடியும்போதுதான் முதல் அறுவடை. வெள்ளையாக, மணமாகப் பூக்கும் செடி இது. ஆனால் இலைக்காக வளர்ப்பவர்கள் மொட்டிலேயே கிள்ளி விடுவார்கள், பூவுக்குப் போகும் சத்து இலைக்கு வரட்டும் என்று.

கோவை மாவட்டத்தில் காரமடை, மேட்டுப்பாளையம் பக்கம் இதைத் தோட்டப் பயிராகவே செய்கிறார்கள். செங்காம்பு ரகத்துக்குத் தனி மதிப்பு. ஆள் வைத்து வெட்டி, கட்டுக் கட்டி, வாடுவதற்குள் சந்தை சேர்க்க வேண்டும். குளிரில், வெப்பம் 16 டிகிரிக்குக் கீழே போனால், துளிர் உறங்கிவிடும். வரத்து குறையும், விலை ஏறும். அந்த நாட்களில் மட்டும் கடைக்காரர் காசு கேட்டால் நமக்குக் கோபம் வருகிறது!

இனிதான் முக்கியமான விஷயம். எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு இந்தத் துளிர் என்றால் உயிர். இலைப்புள்ளி நோயும் உண்டு. ஆனால் ஓட்டை விழுந்த, புள்ளி விழுந்த கொத்தை நாம் தொடுவதில்லை. இனாமாக வாங்குவதிலும் பொறுக்கித்தான் எடுக்கிறோம். நாம் ஒதுக்கும் கொத்து வியாபாரிக்கு வேண்டாம், வியாபாரிக்கு வேண்டாதது விவசாயிக்கு நட்டம். அவர் மருந்து அடிக்காமல் என்ன செய்வார்?

அதன் விளைவு 2013-இல் கடல் தாண்டித் தெரிந்தது. பூச்சிமருந்து எச்சம் காரணமாக, ஐரோப்பிய ஒன்றியம் இந்தியக் கறிவேப்பிலைக்குத் தனி நிபந்தனை விதித்தது. ஆய்வக முடிவும் சான்றிதழும் கூடவே வர வேண்டும் என்றார்கள். விமானம் ஏறும் கட்டுக்குச் சான்றிதழ் சரி. நம் பையில் விழும் கொத்துக்கு?

ஆக, விலையே இல்லை என்று நாம் நினைத்த கொத்துக்கு இரண்டு செலவுகள் இருக்கின்றன. ஒன்றை விவசாயி தாங்குகிறார். மற்றொன்று நம் குழம்பில் கரைகிறது.

கொல்லையோ மொட்டை மாடியோ, நல்ல வெயில் படும் இடமிருந்தால் ஒரு பெரிய தொட்டியில் ஒரு செடி வையுங்கள். புளித்த மோரை வேரில் ஊற்றுவது வீட்டுப் பெரியவர்களின் கைப்பழக்கம். புழு வந்தால் கையால் எடுத்துப் போடலாம். செடி வைக்க இடமில்லாதவர்கள் ஒன்று செய்யலாம்: கடையில் லேசாகப் புழு கடித்த கொத்து இருந்தால் அதையே கேட்டு வாங்குங்கள், ஐந்து ரூபாய் கொடுத்து.